சங்கக் காரியங்களை எழுதி வைத்தலும் திருத்தலும்

இந்தியாவில் ஐக்கிய நாணயச் சங்கங்களுக்கென முதற் சட்டம் 1904-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே, அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில், சென்னை மாகாணத்தின் முதற் கிராமச் சங்கம் தோன்றிற்று. குடியானவனை அதிக வட்டியினின்று காப்பதே இச்சங்கங்களின் நோக்கம். விதைப்புக்கென்று கேட்ட பணம் களையெடுப்பின்போது கைக்கு வருமாயின், அவன் மீண்டும் லேவாதேவிக்காரர் வாசலை மிதிக்க நேரிடும்.

தாமதத்திற்குக் காரணம் பணமின்மை மட்டுமன்று, முறையின்மையும் ஆம். அதற்குப் பரிகாரம் பின்வருமாறு:

1. கடன் மனு வந்தது முதல் பணம் பட்டுவாடா ஆகும் வரையுள்ள படிகளை, நடக்க வேண்டியவாறன்று, உள்ளபடி நடக்கிறவாறே வரிசையாக எழுத வேண்டும்.

2. ஒவ்வொரு படிக்கும் எதிரே, அதைச் செய்பவர் யார், மனு வந்த தேதி, போன தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

3. மனு அதிக நாள் தங்குமிடத்தைக் காண வேண்டும். உதாரணமாக, மாதமொரு முறை கூடும் நிர்வாக சபை, அடங்கல் நகல் இல்லையென்று மனுவைத் திருப்பினால் ஒரு மாதம் வீணாகும். மனுவைப் பெறும்போதே காரியதரிசி நகலையும் ஜாமீன்தாரர் கையொப்பத்தையும் சரிபார்த்தால் அம்மாதம் மிஞ்சும்.

4. ஒரு சமயத்தில் ஒரு திருத்தமே செய்து, அடுத்த பருவத்தில் தேதிகளை ஒப்பிட வேண்டும்.

விரைவு கருதி நீக்கத்தகாத படிகளும் உண்டு. பணத்தை வைத்திருப்பவர் ஒருவர், கணக்கைத் தணிக்கை செய்பவர் மற்றொருவர் என்னும் ஏற்பாடு வீண் தாமதமன்று; காவலாகும்.

எழுதிய முறையைச் சங்கச் சுவரில் யாவரும் படிக்க ஒட்டிவைத்தால், காரியதரிசி மாறினும் முறை மாறாது. அங்கத்தினரும் தம் மனு எங்கே நிற்கிறதென்று கேட்கக் கற்பர்.