மனை காட்டப் போகும் பாப்பாவுக்கு

மதுராந்தகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. மறைமலை நகர் வேலையை விட்டுவிட்டு நிலத் தரகில் இறங்கப் போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். "பொம்பளப் புள்ள, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல புரோக்கருங்களோட நிக்கறதா, நீயாவது சொல்லித் தடுடா" என்று ஒரே புலம்பல். நான் தடுக்கப் போவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதியே காலம் தள்ளியவன் நான். எத்தனையோ தரகர்கள் வந்ததையும் போனதையும் பார்த்தாயிற்று. வாய் சாமர்த்தியத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் சீக்கிரமே ஊரை மாற்றிக்கொண்டார்கள். காகிதம் படிக்கத் தெரிந்தவர்களும், "இது வேணாம் சார், விட்டுடுங்க" என்று வாங்க வந்தவரிடமே சொல்லத் துணிந்தவர்களும்தான் இன்றைக்கும் இங்கே நிலைத்திருக்கிறார்கள்.

முதலில் உரிமத்தை முடி. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2017 ஜூனில். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையத்தில் பதியாமல் விற்க முடியாது. அதில் மனை காட்டுகிற தரகரும் தன் பெயரில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், மனை விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம். தனி மனை, பழைய வீடு, வயல் என்று கைமாற்றிவிட இந்தப் பதிவு தேவையில்லைதான். ஆனாலும் பதிவு எண்ணை வாங்கி விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

உன்னிடம் வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வருவார்கள், ஏரி காத்த ராமரைக் கும்பிடுவார்கள், ராமர் ஏரியைக் காத்ததைக் கண்ட கலெக்டர் லயனல் பிளேஸ் கதையைக் கேட்டு ரசிப்பார்கள், மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் இடம் பார்த்து முடித்துவிடுவார்கள். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து எல்லா நோட்டீஸிலும் அங்கிருந்து இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எந்த நேரத்தில், எந்த வண்டியில் என்று யாரும் போடுவதில்லை. செய்யாறு சிப்காட் என்று பேப்பரில் வந்தால் செய்யூரில் விலை ஏற்றுகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். செய்யாறு இருப்பது திருவண்ணாமலை மாவட்டம் என்று எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நீ அந்த ஞாயிற்றுக்கிழமை மயக்கத்தில் கலந்துகொள்ளாதே. சித்திரையில் பார்த்த இடத்தை ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி போய்ப் பார். நம் தாலுகா ஏரிகளின் தாலுகா. ஒவ்வொரு ஏரிக்கும் உள்வாய் உண்டு, கலங்கல் உண்டு, ஆயக்கட்டு உண்டு, உபரி நீர் ஓடும் கால்வாய் உண்டு. கோடையில் கால்வாய் வண்டிப்பாதை மாதிரித்தான் தெரியும். கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று மாடு மேய்க்கிறவரைக் கேள், சரியாகச் சொல்வார். வேடந்தாங்கல் பக்கம் இடம் காட்டப் போனால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ஏரி மட்டும் சரணாலயம் இல்லை. 1998 அறிவிக்கைப்படி ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரும் அதில் சேர்த்தி. இதையெல்லாம் விற்ற பிறகு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் உன் மேல் உள்ள நம்பிக்கை அன்றோடு போயிற்று.

அளவுக் கணக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். நம் பெரியவர்கள் காணி, குழி என்பார்கள். சென்னைக்காரர் கிரவுண்டு என்பார். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். ஒரு காணி நூறு குழி, 24 கிரவுண்டு, ஏறத்தாழ ஒரு ஏக்கர் 32 சென்ட். மூன்று பாஷையிலும் சட்டென்று பதில் சொல்கிறவரிடம் விலை பேச எல்லோருக்கும் ஒரு தைரியம் வரும்.

காகிதத்துக்கு வருகிறேன். பட்டாவைப் பார்த்ததும் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதே. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. உரிமையைப் பத்திரம்தான் சொல்லும். 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். நில அளவையில் அண்ணன் நிலம் தம்பி பெயருக்கும், தம்பி நிலம் பங்காளி பெயருக்கும் ஏறிப்போன கதை ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், புலப்படம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார். கடைசியாக 'அ' பதிவேட்டு நகல் வாங்கிக் குறிப்புப் பத்தியைப் படி. மேய்க்கால், தேவஸ்தானம், பூதானம் என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்.

'டி.சி.' என்று இருந்தால் அது பஞ்சமி நிலம். அந்தக் கதை நம் மாவட்டத்தில்தான் ஆரம்பித்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் பட்ட பாட்டை 1891இல் அறிக்கையாக எழுதினார். மறு வருஷமே அவர்களுக்கு நிலம் கொடுக்க உத்தரவாயிற்று. பத்து வருஷம் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அவர்களுக்குள்ளேயே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலம் கை மாறிக் கை மாறி யார் யாரிடமோ போயிற்று. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். "எல்லாரும் விக்கறாங்க, நமக்கென்ன" என்று யாராவது அப்படிப்பட்ட நிலத்துக்கு உன்னைக் கூப்பிட்டால் கமிஷன் எவ்வளவு என்றுகூடக் கேட்காதே.

2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. அன்று எங்கள் தெருவில் பாதிக் கடை காற்று வாங்கிற்று. மறு வருஷம் வரன்முறைத் திட்டம் வந்துதான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு கிளம்பிய புது வழி 'பண்ணை நிலம்'. வயலைத் துண்டு போட்டு, நாலு மாங்கன்று நட்டு, வேலி கட்டி, "இது மனையே இல்ல, விவசாய நிலம்" என்று விற்பார்கள். வாங்குகிறவர் மனசில் இருப்பது வீடு. பிற்பாடு வீட்டுக்கு அனுமதி கேட்டுப் போனால்தான் விஷயம் புரியும். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் இதற்கு ரொம்ப ஆசைப்படுவார்கள். அவர்களால் விவசாய நிலம் விலைக்கு வாங்கவே முடியாது, அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது என்று முதல் போனிலேயே சொல்லிவிடு.

நீ பெண் என்பதை அக்கா பலவீனமாக நினைக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் பக்கத்தில் கிரயம் நின்றுபோகிற முக்கியமான இடம் மகள்களின் கையெழுத்து. தமிழ்நாட்டில் 1989லிருந்தும், நாடு முழுக்க 2005லிருந்தும் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு. 2005இல் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் அந்தப் பங்கு உண்டு என்று 2020இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து விலை பேசுகிற ஆம்பளைகள், "தங்கச்சிங்களுக்கு கல்யாணத்துலயே செஞ்சாச்சு" என்று முடித்துவிடுவார்கள். ஆண் தரகர் அதற்கு மேல் கேட்க மாட்டார், உள்ளே போகவும் முடியாது. உன்னால் முடியும். சமையல்கட்டில் உட்கார்ந்து எத்தனை பெண்கள், எங்கே கட்டிக் கொடுத்தது, யாராவது வருத்தத்தில் இருக்கிறார்களா என்று விசாரி. வாரிசுச் சான்றிதழில் இருக்கிற அத்தனை பேரும் வந்து கையெழுத்துப் போடட்டும். ஒரு தங்கை மனசில்லாமல் இருந்தால் அவளுக்குச் சேரவேண்டியது சேரும்வரை அட்வான்ஸ் வாங்க விடாதே. பவர் பத்திரம் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்.

காசு விஷயத்தில் ஒரே பேச்சு. விற்பவரிடம் எத்தனை சதவீதம், வாங்குபவரிடம் எத்தனை என்று இருவருக்கும் தெரியும்படி முதல் நாளே சொல். விற்பவர் சொன்ன விலைக்கு மேலே வைத்து நடுவில் அமுக்குவதைக் கெட்டிக்காரத்தனம் என்று உனக்குச் சொல்லித்தரப் பலர் வருவார்கள். பதிவன்று இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள், பேசிக்கொள்ளவும் செய்வார்கள். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து ஒன்பது சதவீதம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடு. இருபது லட்சத்துக்கு வாங்க வந்தவர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் கடைசி வாரத்தில் அலையக்கூடாது. அட்வான்ஸ் இருபதாயிரத்துக்குக் குறையாத தொகை என்றால் ரொக்கமாகக் கைமாற்றக்கூடாது, வருமான வரிச் சட்டப்படி வாங்கிய தொகை முழுக்க அபராதமாகப் போகும். அடுத்தவர் பணத்தை உன் கணக்கில் வாங்கி ஒரு ராத்திரிகூட வைத்துக்கொள்ளாதே.

ஆரம்பத்தில் மாசக்கணக்கில் ஒன்றும் முடியாது. பி.எப். பணத்தை வண்டிக்கும் பேனருக்கும் போட்டுவிடாமல் வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்.

அச்சிறுபாக்கம் பக்கம் ஒரு கொல்லை பேசிக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். யாரிடமும் டோக்கன் வாங்காதே. அதன் தாய்ப்பத்திர நகலையும் 'அ' பதிவேட்டு நகலையும் இந்த வாரமே எனக்கு அனுப்பு. படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா