சந்தைக் கல்வி கற்கச் செல்லும் நம் பிள்ளைகள்



நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்திறங்கியபோது, அவர்களில் பெரும்பாலோர் கையில் பட்டம் எதுவும் இல்லை. தராசும், பேரேடும், சொன்ன சொல் தவறாத நாணயமுமே அவர்களுடைய முதல். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள், "மார்க்கெட்டிங் படிக்க வெளிநாடு போகிறேன்" என்கிறார்கள். "விற்பதற்கும் ஒரு படிப்பா? கல்லாவில் உட்கார்ந்தால் தானே வந்துவிடாதா?" என்று நம்மில் பலர் சிரித்துவிடுகிறோம். இவ்விஷயத்தை நிதானமாக ஆராய்வது நம் கடமையாகும்.

இக்கல்வி தோன்றிய விதம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் 1881ஆம் ஆண்டு வார்ட்டன் வணிகப் பள்ளி தோன்றியது. அதே பல்கலைக் கழகத்தில் 1905இல், பொருள்களைச் சந்தைப்படுத்துவது பற்றித் தனிப் பாடம் நடத்தப்பட்டது. பிரிட்டனில் 1964இல் தொடங்கிய லங்காஸ்டர் பல்கலைக் கழகம் இத்துறைக்கு முதலில் இடமளித்தவற்றுள் ஒன்று. ஆகவே இது நேற்று முளைத்த கல்வியன்று.

கற்பிக்கப்படுவது யாது?

1960இல் ஜெரோம் மெக்கார்த்தி என்னும் பேராசிரியர், வணிகன் தீர்மானிக்க வேண்டியவற்றை நான்காக வகுத்தார்: பொருள், விலை, விற்கும் இடம், மக்களுக்கு அறிவிக்கும் முறை. மசாலைத் தூளை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுக் கடைக்காரர் அதை மூட்டையாகக் கேட்பார். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீட்டிலோ, ஒரு வேளைக் குழம்புக்குரிய சிறு பொட்டலமே வேண்டும். தூள் ஒன்றுதான், ஆனால் கட்டும் முறை, விலை, விற்கும் இடம், அறிவிக்கும் மொழி நான்கும் மாறுகின்றன. ஒன்றை மாற்றி மற்ற மூன்றை மறந்தால் சரக்கு தேங்கும்.

அதே 1960இல் தியோடர் லெவிட் என்பவர் எழுதிய கட்டுரை இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது. அமெரிக்க ரயில் கம்பெனிகள் தங்கள் தொழில் ரயில் ஓட்டுவது என்று எண்ணின. மக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்ப்பதே தொழில் என்று எண்ணவில்லை. அதனால் பயணிகளைக் காருக்கும் விமானத்துக்கும் பறிகொடுத்தன என்பது அவர் வாதம். நாம் விற்பது துணியையா, பெருநாளன்று குடும்பம் அடையும் மகிழ்ச்சியையா என்று நம்மையே கேட்டுப் பார்க்கலாம்.

கடைக்கு வராதவர்

கல்லாவில் அமர்ந்து நாம் பெறும் அனுபவம் பெரிது. ஆயினும் அது கடைக்கு வந்தவரைப் பற்றிய அனுபவம். வாசலைக் கடந்து அடுத்த கடைக்குப் போனவர் ஏன் போனார் என்பதை நம் பேரேடு சொல்லாது. அவரைத் தேடிக் கேட்கும் முறையைத்தான் இப்படிப்பு கற்பிக்கிறது. உறவினரையும் நண்பரையும் மட்டும் கேட்டால் நமக்குப் பிடித்த பதிலே கிடைக்கும். பல வயதினரை, பல இனத்தவரை, பல வருவாய்க்காரரைக் கலந்து கேட்க வேண்டும். கேள்வியிலேயே பதிலைத் திணிக்கக் கூடாது. இதற்குக் கணக்கியலும் மனவியலும் தேவைப்படுகின்றன.

1908இல் தோன்றிய ஹார்வர்டு வணிகப் பள்ளி புகழ்பெறச் செய்த முறை மற்றொன்று. ஒரு கம்பெனிக்கு நேர்ந்த உண்மையான சிக்கலைப் பல பக்கங்களில் எழுதிக் கொடுப்பார்கள். மாணவர்கள் படித்து வந்து வகுப்பில் வாதிடுவார்கள். ஆசிரியர் விடை சொல்லுவதைவிடக் கேள்வி கேட்பதே அதிகம். மற்றவர் பட்ட நஷ்டத்தைத் தன் முதல் போகாமலே கற்கும் வழி இது.

அனுப்புமுன் கவனிக்க வேண்டியவை

இங்கிலாந்தில் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் 3 ஆண்டுகள். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் 4 ஆண்டுகள். பிரிட்டனில் முதுநிலைப் பட்டத்தைப் பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிக்கலாம். கட்டணம் பவுனிலோ டாலரிலோ கட்ட வேண்டும்; நம் வருமானமோ ரிங்கிட்டில் அல்லது சிங்கப்பூர் வெள்ளியில். நாணயமாற்றுத் தொழில் செய்யும் நமக்கு, மாற்று விலை ஏறினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. கட்டணம், தங்குமிடம், உணவு, காப்புறுதி, பயணம் யாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்த பின்பே முடிவு செய்க. மலேசியாவில் உள்ளோர், அப்பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மலேசியத் தகுதி முகமையிடம் விசாரித்துக் கொள்க. படிப்பின் இடையே கம்பெனியில் வேலை பழகும் ஏற்பாடுள்ள பல்கலைக் கழகம் கிடைத்தால் அதையே விரும்புக. இவை எல்லாவற்றுக்கும் முன், பிள்ளையைச் சில மாதமேனும் கடையில் நிற்க வையுங்கள். கொள்முதல் அறியாதவனுக்குப் புத்தகத்தில் உள்ளது வெறும் சொல்லாகவே நிற்கும்.

திரும்பி வந்த பின்

துன்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. மகன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறான். தகப்பனார் எதையும் மாற்றக் கூடாது என்கிறார். முடிவில் மகன் வேறிடத்தில் சம்பளத்துக்குப் போகிறான். கடை ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது. இதற்கு நாம் கூறும் யோசனை எளிது. கடை முழுவதையும் கொடுக்க வேண்டாம்; ஓர் அலமாரியைக் கொடுங்கள். ஒரு சரக்கு, ஆறு மாதம், தனிக் கணக்கு. நஷ்டமானால் சிறு நஷ்டம். லாபமானால் அடுத்த அலமாரி. கணக்கே இருவருக்கும் நடுவராக இருக்கட்டும்.

மட்டமான சரக்கை எந்த விளம்பரமும் நெடுநாள் காப்பாற்றாது. தகப்பனாரின் நாணயமும் மகனின் கல்வியும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால், நம் கடைகள் இன்னும் பல தலைமுறை நிலைக்கும்.