உயரமான பொண்ணு கிடைச்சுட்டா மட்டும் போதுமா?

கல்லூரிப் பெண்கள் அணிக்கு பாஸ்கெட்பால் கோச்சா இருக்கிற தங்கச்சிகளுக்குத்தான் இதைச் சொல்றேன். ஃபர்ஸ்ட் இயர்ல ஆறடிக்குப் பக்கமா ஒரு பொண்ணு வந்து சேர்ந்துட்டா உனக்கு வாயெல்லாம் பல்லு. சரி, சந்தோஷப்படு. ஆனா அடுத்த வாரமே அவளை ரிங்குக்குக் கீழ நிறுத்தி, "கையைத் தூக்கு, பந்து வரும்"னு சொல்லிட்டு, நீ பாட்டுக்கு கார்டுகளோட டிரில்லுக்குப் போயிடறே பாரு, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. உயரம் அவ அப்பா அம்மா கொடுத்தது. காலும் கையும் நிதானமும் நீதான் கொடுக்கணும். கிளாஸ் முடிஞ்சு வந்தா இருட்டறதுக்குள்ள கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், தெரியும். அதுல தினம் 15 நிமிஷம் போஸ்ட் பொண்ணுங்களுக்குன்னு தனியா ஒதுக்கு. கார்டுகள் அந்த நேரத்துல ஃப்ரீ த்ரோ போடட்டும்.

1. முதல்ல நிமிர்ந்து நிக்க வை. ஸ்கூல்ல கடைசி வரிசை, வீட்டுல "இவளுக்கு மாப்பிள்ளை எங்க தேடறது"ன்னு அத்தை புலம்பல். பாதி உயரமான பொண்ணுங்க கூனிக்கிட்டேதான் வருவாங்க. கிரவுண்டுல யாரும் அவளை ஒட்டகச்சிவிங்கின்னு கூப்பிடக் கூடாது. விளையாட்டுக்குக்கூட வேண்டாம், நீயும் சேர்த்துதான். கூனி நிக்கிறவ கையை நீட்டி "எனக்குக் கொடு"ன்னு பந்து கேக்க மாட்டா. கேக்காதவளுக்கு யாரும் கொடுக்கவும் மாட்டாங்க.

2. ஷூட்டிங் அப்புறம், முதல்ல கால். 1940கள்ல அமெரிக்காவுல டிபால் பல்கலைக்கழகத்துக்கு ஜார்ஜ் மிக்கன்னு ஒரு பையன் வந்தாரு. 6 அடி 10 அங்குலம், கண்ணாடி வேற, நடையிலயே தடுமாற்றம். கோச் ரே மேயர் அவரைக் கயிறு தாண்ட வெச்சாரு, பாக்ஸிங் பழக வெச்சாரு, டான்ஸ் கத்துக்க அனுப்பினாரு. பின்னாடி அவர் அந்தக் காலத்தோட பெரிய சென்டர் ஆனாரு. நாம இன்னிக்கும் போடற மிக்கன் டிரில் அவர் பேருலதான் இருக்கு. அதனால ஒரு கயிறு வாங்கிப் போடு, செலவே இல்ல.

மிக்கன் டிரில்லை எண்ணிக்கைக்காக ஓட்டாதே. வலது பக்கம் ஒரு லே-அப், வலைல இருந்து விழற பந்தை ரெண்டு கையாலயும் பிடி, கால் மாத்து, இடது பக்கம் ஒண்ணு. நீ பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: பந்து தாடைக்குக் கீழ இறங்கவே கூடாது. இறங்கினா அந்த ஷாட் செல்லாது, மறுபடி. மேட்ச்ல இடுப்பு வரைக்கும் பந்தை இறக்கினா, ஐந்தடி கார்டு ஒருத்தி ஓடி வந்து தட்டிட்டுப் போயிடுவா. அப்புறம் உன் பொண்ணோட உயரத்துக்கு என்ன பிரயோஜனம்?

3. பந்து வர்றதுக்கு முன்னாலயே வேலை முடியணும். இதுதான் போஸ்ட் ஆட்டத்துல பெரிய விஷயம். இதை விட்டுட்டுத்தான் எல்லாரும் மூவ் மூவ்னு ஓடறாங்க. டிஃபெண்டரை முதுகுக்குப் பின்னால வாங்கணும். முழங்காலை மடக்கி நல்லா உக்காரணும், காலை அகட்டணும், டிஃபெண்டர் எந்தப் பக்கம் இல்லையோ அந்தப் பக்கம் கையை விரிச்சுக் காட்டணும். நிமிர்ந்து நின்னா ஒரு தள்ளுல நகர்ந்துடுவா. தாழ்ந்து உக்காந்தா ரெண்டு பேர் வந்தாலும் அசைக்க முடியாது. பிடிக்கும்போது ரெண்டு காலும் ஒண்ணா தரையில விழட்டும். அப்பத்தான் எந்தக் காலை வேணும்னாலும் பிவட்டா வெச்சுக்கலாம், ட்ராவல் விசில் பாதியா குறையும்.

4. அமெரிக்க வீடியோவைப் பாத்து அப்படியே காப்பியடிக்காதே. இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. அங்க கல்லூரி ஆட்டத்துல பெயிண்டோட அகலம் 12 அடி. நாம ஆடற ஃபீபா கோர்ட்ல 4.9 மீட்டர், அதாவது 16 அடி. ரிங்கோட நடுவுல இருந்து கணக்குப் பண்ணா, உன் பொண்ணு ரெண்டு அடி தள்ளி நிக்கிறா. வீடியோவுல ஒரு டிராப் ஸ்டெப்ல ரிங்குக்கே போயிடுவாங்க. நம்ம பொண்ணு அதே ஸ்டெப் வெச்சா போர்டு எட்டாது, பின்னாலயே சாய்ஞ்சு தூக்கிப் போடுவா. அதனால டிராப் ஸ்டெப்போட ரெண்டு கையாலயும் பலமா ஒரே ஒரு டிரிபிள் சேர்த்துக் கத்துக் கொடு. ஷாட் கிளாக்கும் அங்க 30 செகண்ட், இங்க 24. உள்ளே பந்து போகணும்னா சீக்கிரமே போகணும்.

5. ரெண்டு மூவ் போதும். டிஃபெண்டர் எந்தத் தோள்ல சாயறாளோ, அதுக்கு எதிர்ப் பக்கம் டிராப் ஸ்டெப். அதை அடைச்சுட்டா நடுப்பக்கம் திரும்பி ஒரு சின்ன ஹூக். அவ்வளவுதான். ரெண்டு கையாலயும் வரணும், அதுல மட்டும் விட்டுக் கொடுக்காதே. அயோவா பல்கலைக்கழகத்துல ஆடின மேகன் கஸ்டாஃப்சன் 6 அடி 3 அங்குலம். அங்க அது ஒண்ணும் அதிசய உயரம் இல்ல. 2018-19 சீசன்ல மேட்சுக்குச் சராசரியா 27.8 பாயிண்ட், போட்ட ஷாட்ல பத்துக்கு ஏழு உள்ளே. எல்லாம் ரிங்குக்குப் பக்கத்துல, சீக்கிரமா பிடிச்சு சீக்கிரமா முடிச்சது. அவங்களுக்குப் போஸ்ட் ஆட்டம் பழக்கின ஜான் ஜென்சன் வருஷக்கணக்கா அங்க உதவிக் கோச்சா இருந்தவங்க, 2024ல தலைமைக் கோச் ஆனாங்க. அவங்களே கல்லூரிக் காலத்துல ஒரு சீசன்ல நாட்டிலேயே மேட்சுக்கு அதிகப் பாயிண்ட் போட்ட வீராங்கனை. உன்கிட்ட அப்படி யாரும் இல்லைன்னா, பழைய சீனியர் போஸ்ட் பிளேயர் ஒருத்தியை வாரம் ஒரு நாள் கூப்பிடு. ஆசையா வருவா.

6. திட்டறதா இருந்தா கார்டுகளைத் திட்டு. போஸ்ட் பொண்ணு ஆடலைன்னு பெஞ்சுல உக்கார வைக்கறதுக்கு முன்னால, அவளுக்குப் பந்து எத்தனை தடவை போச்சுன்னு பாரு.

- டாப்ல நின்னு உள்ளே பாஸ் போடக் கூடாது. விங்ல கொஞ்சம் கீழ இறங்கினாத்தான் கோணம் கிடைக்கும்.
- டிஃபெண்டர் பின்னால இருந்தா பவுன்ஸ் பாஸ், முன்னால வந்து மறைச்சா தலைக்கு மேல லாப்.
- பாஸ் போட்டுட்டு வேடிக்கை பாக்கக் கூடாது. வெட்டி ஓடு, இல்லைன்னா இடம் மாறு. நின்னுட்டா பாஸ் போட்டவளோட டிஃபெண்டர் இறங்கி வந்து டபுள் பண்ணிடுவா.

அதே அயோவாவுல கார்டா ஆடின கெய்ட்லின் கிளார்க் அடிச்ச தூரத்து ஷாட்டைத்தான் எல்லாரும் பேசறாங்க. உள்ளே அவங்க டீம் போஸ்ட் பிளேயர் மோனிகா சினானோ கையில வந்து விழுந்த பாஸ்களைப் பாரு. உன் கார்டுகளுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டு.

7. ஃபவுல். அஞ்சு ஆனா வெளியே. பிளாக் பண்ற ஆசையில கையை வீசறதுதான் காரணம். 2023 அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டத்துல அதே சினானோவே அஞ்சு ஃபவுலோட வெளியே போனாங்க, எதிரணி எல்.எஸ்.யு. ஜெயிச்சுது. கை ரெண்டும் நேரா மேல, குதிச்சா நேரா மேல. பிராக்டீஸ்ல கையை வீசினா நீயே விசில் அடி.

8. முழங்காலைப் பாத்துக்கோ. பெண்களுக்கு ஏ.சி.எல். கிழியற ஆபத்து ஆண்களைவிட அதிகம். நம்ம கோர்ட்டுகள்ல பாதி சிமென்ட். ரீபவுண்டுக்குக் குதிச்சா ரெண்டு கால்ல, முழங்காலை மடக்கி, சத்தமில்லாம இறங்கணும். முழங்கால் ரெண்டும் உள்பக்கமா சாயுதான்னு முன்னால நின்னு கவனி. சாய்ஞ்சா அன்னிக்குக் குதிக்கிற வேலை போதும், தொடை, இடுப்புப் பயிற்சிக்கு அனுப்பு.

9. அவசரப்படாதே. கமிலா கார்டோசோ, 6 அடி 7 அங்குலம். அமெரிக்காவுல சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்து ரெண்டு வருஷம், அங்க போஸ்ட்ல ஆடின அலியா பாஸ்டனுக்குப் பின்னால பெஞ்சுல இருந்துதான் இறங்கினாங்க. தினமும் பிராக்டீஸ்ல பாஸ்டனை எதிர்த்து நின்னதே பெரிய படிப்பு. 2023-24 சீசன்ல டீம் 38 மேட்சும் ஜெயிச்சுது. இறுதி ஆட்டத்துல அவங்க 15 பாயிண்ட், 17 ரீபவுண்ட். நீ மூணு மாசத்துல "இவ தேற மாட்டா"ங்கிறே. கார்டு பொண்ணு சின்ன வயசுலயே பந்தோட வளர்ந்தவ. இவ பத்தாவதுல வளர்ந்ததும் யாரோ கோர்ட்டுக்கு இழுத்துட்டு வந்தவ. ரெண்டு பேருக்கும் ஒரே கெடு வைக்காதே.

10. பாயிண்டை எண்ணாதே, டச்சை எண்ணு. மேட்ச் அன்னிக்கு பெஞ்சுல இருக்கிற ஒரு பொண்ணு கையில பேப்பர் பேனா கொடு. பெயிண்டுக்குள்ள பந்து போன ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. பக்கத்துல, கேட்டும் கிடைக்காத தடவைக்கு ஒரு புள்ளி. குவார்ட்டர் முடிஞ்சதும் அந்தப் பேப்பரை வாங்கிப் பாரு. கோட்டைவிட புள்ளி அதிகமா இருந்தா, ஹடில்ல கார்டுகளோட முகத்துக்கு நேரா அதைப் பிடி.