பிள்ளையை மறைக்காதீர்கள், வேலையை விடாதீர்கள்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதும், பல வீடுகளில் இரண்டு முடிவுகள் அவசரமாக எடுக்கப்படுகின்றன. அம்மா வேலையை விடுகிறார். பிள்ளை வீட்டுக்குள்ளேயே வைக்கப்படுகிறது. இரண்டுமே குடும்பத்தைப் பின்னுக்குத் தள்ளும் முடிவுகள். காட்டுப்பள்ளித் துறைமுகத்திலோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, ஸ்ரீசிட்டியிலோ ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும், ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிறவர்களுக்கும், ஏரியில் வலை போடுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் வருமானமும் உங்கள் பெயரும் நிமிர்ந்து நின்றால்தான் பிள்ளைக்கு வேண்டியதை வாங்க முடியும்.

1. காத்திருக்காதீர்கள்

ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. வந்த ஒன்றிரண்டு சொற்களும் நின்றுபோயின. இதில் ஒன்று இருந்தாலே அந்த வாரமே செக்கப்புக்குக் கிளம்புங்கள். “அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்” என்று ஆயா சொல்வார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மூளை வேகமாகக் கற்கும் வருடங்கள் அந்தக் காத்திருப்பிலேயே போய்விடும்.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்பது 2021-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அரசுப் பள்ளிச் சிறார் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதி வாங்குங்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இயங்குகிறது. முழுமையான மதிப்பீட்டுக்கு அது நல்ல இடம். ஆனால் நகரம் முழுவதையும் தாண்டிப் போக வேண்டும், ஒரு நாள் கூலி போகும். அதனால் ஒரே பயணத்தில் எல்லா டெஸ்ட்டும் முடியும்படி அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள்.

2. யார் லீவு போடுவது?

தெரப்பிக்கு அழைத்துப் போவது அம்மாவின் வேலை என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிடுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் ஏரித் தொழில் பாடு முறையில் நடக்கிறது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது முறை வைத்து வருவது. ஆக, தன் முறை இல்லாத நாள் எது என்று அப்பாவுக்கு முன்பே தெரியும். கம்பெனி ஷிப்டில் நிற்கும் அம்மாவுக்கு அந்த வசதி கிடையாது, ஒரு லீவு கூடினால் காண்ட்ராக்டர் ஆளை மாற்றிவிடுவார். எந்த வேலை வளைந்து கொடுக்குமோ அந்த வேலைக்காரர்தான் தெரப்பிக்குப் போக வேண்டும். பல வீடுகளில் அது அப்பா. “எனக்கு அதெல்லாம் தெரியாது” என்று அவர் ஒதுங்கினால் விடாதீர்கள். வலை பின்னக் கற்றவருக்கு இதையும் கற்கத் தெரியும்.

3. சூப்பர்வைசரிடம் பேசும் விதம்

அழுதுகொண்டு போகாதீர்கள். அவசரம் வந்த அன்றைக்கும் போகாதீர்கள். வேலை சுமுகமாக ஓடும் ஒரு நாளில் மூன்றே வாக்கியம்: “சார், பையனுக்கு ஆட்டிசம் இருக்கு. மாசம் ரெண்டு நாள் தெரப்பிக்குப் போகணும், தேதி முன்னாடியே குடுத்துடறேன். அந்த ரெண்டு நாளுக்கு ஷிப்ட் மாத்தி ஆள் நானே பேசி வெக்கிறேன்.” பிரச்சினையோடு தீர்வையும் கையில் கொண்டு வருகிறவரைத் தட்டிக் கழிப்பது கஷ்டம். வாட்ஸ்அப்பில் தேதிகளை அனுப்பிப் பதிவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வேலையை விட்டு இப்போது திரும்புகிறவர்கள் இன்டர்வியூவில் அந்த இடைவெளியை மறைக்க வேண்டாம். “பிள்ளையின் தெரப்பிக்காக எடுத்துக்கொண்ட காலம், இப்போது வீட்டில் ஏற்பாடு ஆகிவிட்டது” என்று ஒரு வரியில் முடித்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். விளக்கம் நீளும்போதுதான் கேட்பவருக்குச் சந்தேகம் வரும்.

4. சம்பள சீட்டில் ஒளிந்திருக்கும் பணம்

இதைத் தெரியாமல் இழக்கிறவர்கள் அதிகம். பிஎஃப் பிடிக்கும் வேலையில் நீங்கள் இறந்துபோனால் பிள்ளைக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் 25 வயதோடு நின்றுவிடும். நிரந்தரமாக, முழுமையாகச் செயலிழந்த பிள்ளை என்றால் வயது வரம்பு இல்லை, ஆயுள் முழுக்க வரும். இஎஸ்ஐ இருந்தால், குறைபாட்டால் உங்களையே முழுக்கச் சார்ந்திருக்கும் பிள்ளை வளர்ந்த பிறகும் குடும்ப உறுப்பினர்தான். நாமினேஷனில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் பிஎஃப்பின் யுஏஎன் எண்ணை மாற்ற விடாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, சம்பளம் கொஞ்சம் கூடுதலாகத் தரும் ரொக்கக் கூலியைவிட பிஎஃப், இஎஸ்ஐ உள்ள வேலையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

5. சான்றிதழ் நாள்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பலன்கள் பலவற்றுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைதான் சாவி. சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிசம் அளவுகோலில் 40 கேள்விகள், மொத்தம் 200 மதிப்பெண், 70-லிருந்து ஆட்டிசம் என்று கணக்கு.

இன்டர்வியூவுக்குப் போகும்போது நம்முடைய நல்ல பக்கத்தைக் காட்டுவோம். சான்றிதழ் மதிப்பீட்டில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெட்கத்தில் “எல்லாம் தானா செய்வான் டாக்டர்” என்று சொல்லும் பெற்றோர் பிள்ளையின் சதவீதத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லுங்கள். தூங்காத ராத்திரி, தலையை முட்டிக்கொண்ட நேரம், காணாமல் போய்த் தேடிய கதை எல்லாவற்றையும். போன் வீடியோ இருந்தால் காட்டுங்கள். உண்மையைச் சொல்வதில் கேவலம் எதுவும் இல்லை.

அட்டை வந்ததும் இரண்டு வேலை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரப்பிச் செலவையும் சேர்த்துத் தரும். அதற்கு விண்ணப்பியுங்கள். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 2,000 ரூபாய். உங்கள் பிள்ளை அதன் தகுதிக்குள் வருகிறாரா என்று திருவள்ளூர் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பதில் இழுத்தால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு. எல்லா நகலும் ஒரே ஃபைலில்.

6. தெரப்பிஸ்ட் வரும்வரை

கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வெளியான ஓர் ஆய்வு நமக்கு மிகவும் பயன்படும். நிபுணர்கள் அல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையோடு பேசும் விதம் மாறியது, பிள்ளையும் தானாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. கிளினிக்கில் கிடைப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் உங்களுடையது.

குப்பத்து வீட்டில் பயிற்சிக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. பெரிய இறால் ஒரு தட்டில், சின்ன இறால் ஒரு தட்டில். வலையில் சிக்கிய பாசியை எடுப்பது. கருவாட்டைத் திருப்பிப் போடுவது. ஒரே வேலையை ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்வது இப்பிள்ளைகளில் பலருக்கு நிம்மதி தரும். வேலை ஒவ்வொன்றையும் சின்னப் படிகளாக உடைத்து, ஒரு படி முடிந்ததும் பாராட்டுங்கள். மீன் வாடையோ, எஞ்சின் சத்தமோ, ஏலக் கூச்சலோ பிள்ளைக்குத் தாங்கவில்லை என்றால் அது பிடிவாதம் இல்லை. அந்த இடத்திலிருந்து தள்ளி உட்கார வைத்து, நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டு வாருங்கள்.

7. தண்ணீர்

இதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 2012-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 49 சதவீதம் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது யாருக்கும் தெரியாமல் வெளியேற முயன்றதாகப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள். இப்பிள்ளைகளில் பலரைத் தண்ணீர் ஈர்க்கிறது. உங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல். ஏரி ஆழம் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம், குழந்தை மூழ்க முழங்கால் தண்ணீர் போதும். கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், அதோடு ஒரு மணி. சட்டையில் தைத்த போன் நம்பர். படகுத்துறையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் பிள்ளையின் முகம் பழகியிருக்க வேண்டும். நீச்சல் கற்றுக்கொடுங்கள். சித்தப்பாவோ மாமாவோ, பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம்.

வீட்டுக்குள் மறைத்து வைத்த பிள்ளை வெளியேறினால் அடையாளம் சொல்ல ஊரில் ஆள் இருக்காது. மறைப்பதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து இதுதான்.

8. ஊர் வாய்

கண்பட்டது, அம்மா கர்ப்பத்தில் பயந்தாள், சாமி குற்றம், வளர்ப்பு சரியில்லை. எல்லாம் கடைசியில் தாயின் மேல் வந்து விழும். இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்காதீர்கள். பாசமில்லாத தாய்தான் காரணம் என்று அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967-ல் புத்தகமே எழுதினார், படித்தவர்கள் நம்பினார்கள். அறிவியல் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. வளர்ப்பால் வருவதில்லை.

எல்லோரிடமும் வாதாடி உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள். ஊரில் யார் பேச்சு எடுபடுமோ அவர்களைத் தேர்ந்தெடுங்கள்: ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவர், அங்கன்வாடி டீச்சர், ஏலத்தில் குரல் எடுக்கும் அக்கா, டீக்கடைக்காரர். ஒவ்வொருவரிடமும் தனியாக, “அக்கா, இவனுக்குக் காது நல்லா கேக்கும், பேச்சுதான் வரல. கிட்ட வந்து மெதுவா கூப்பிட்டா திரும்புவான். கூச்சல் போட்டா பயந்துடுவான்” என்று சொல்லுங்கள். ஆட்டிசம் என்ற பெயரைவிட, என்ன செய்ய வேண்டும் என்பதுதான் ஜனங்கள் மனதில் நிற்கும். தெரிந்துகொண்டவர்கள் உங்களுக்காக மற்றவர்களிடம் பேசுவார்கள்.

திருவிழாவுக்குக் கூட்டிப் போங்கள். ஒலிபெருக்கிக்குத் தள்ளி, கூட்டம் சேரும் முன், பத்து நிமிஷம் போதும். அடுத்த வருடம் இருபது. அக்காவின் கல்யாணத்துக்காகத் தம்பியை மறைக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறைத்துச் செய்த சம்பந்தத்தில் உண்மை வெளிப்படும் நாளில், அதன் விலையைக் கொடுப்பது உங்கள் மகள். முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். விலகுகிறவர்கள் அப்போதே விலகட்டும்.

படிக்கத் தெரிந்தவர்கள் யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ நூலை வாங்கி வீட்டில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள்.

9. “குணப்படுத்துகிறோம்” என்பவர்கள்

பணத்தைப் பூட்டி வையுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்ற 1998 கட்டுரையை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. படகை அடகு வைத்து யாரிடமும் போகாதீர்கள்.

10. பதினெட்டு வயதுக்கு முன்னால்

18 முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் பிள்ளை பெரியவர். வங்கிக் கணக்கு, சொத்து போன்றவற்றுக்குத் தேவைப்பட்டால், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழுவில் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். உங்களுக்குப் பின் யார் என்பதையும் இப்போதே பேசுங்கள்.

ஊர்க் கணக்கும் உண்டு. பாடு முறையில் பங்கு தலைக்கட்டை வைத்து வருகிறது. தானாகப் படகு தள்ள முடியாத மகனின் பங்கு என்ன ஆகும், அவன் பெயரில் அண்ணனோ மாமனோ முறையெடுத்து வருமானத்தைப் பிரித்துத் தரலாமா? அப்பா திடமாக நடமாடும்போதே பஞ்சாயத்தில் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். அப்பா போன பிறகு கேட்கும் விதவைத் தாயின் குரலுக்கு அந்தக் கூட்டத்தில் பலம் குறைவு.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். சிலருக்குக் கிடைக்கும். எஸ்ஏபி நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களைத் தேடி வேலைக்கு எடுக்கும் திட்டத்தைப் பெங்களூரில்தான் தொடங்கிப் பார்த்தது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம். கம்ப்யூட்டர் பக்கமே போகாத பிள்ளை நண்டு தரம் பிரித்துச் சம்பாதித்தாலும் அது சம்பாத்தியம்தான். அவன் கூலியை அவன் கையில் கொடுங்கள்.

11. பிளஸ் டூ முடித்த தம்பி, தங்கைகளுக்கு

துறைமுக கேட்டில் உங்களோடு வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். சிறப்பு ஆசிரியர் வேலைக்கு அந்த நெருக்கடி இல்லை. தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் விகிதம் சொன்னது. அந்த அளவுக்கு ஆள் இன்னும் இல்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்வி டிப்ளமோ, அல்லது டிகிரி முடித்த பிறகு பி.எட். மட்டும் படியுங்கள். கவுன்சில் பதிவு எண் தராத சான்றிதழை வைத்து வேலை கேட்க முடியாது. தொடக்கத்தில் தொகுப்பூதியம்தான், அதைத் தெரிந்தே வாருங்கள். வெளியூர்க்காரருக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: இந்தக் குப்பங்களின் பேச்சும், எந்த நேரத்தில் எந்த வீட்டில் ஆள் இருப்பார்கள் என்ற அறிவும். படிப்பில் சேரும் முன் மீஞ்சூர் வட்டார வள மையத்துக்குப் போய், வீட்டு வழிக் கல்வி கொடுக்கும் ஆசிரியரோடு ஒரு வாரம் கூடவே சுற்ற அனுமதி கேளுங்கள். அந்த வாரத்துக்குப் பிறகும் விருப்பம் இருந்தால் விண்ணப்பத்தைப் போடுங்கள்.