தோலிலும் செல்வம் உண்டு

பழச்சாற்றுக் கடை நடத்தும் என் தந்தையார் நாள்தோறும் ஒரு கூடைச் சாத்துக்குடித் தோலைக் குப்பையில் கொட்டுவார். அத்தோலின் வெண்பகுதியில்தான் ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் மிகுதியாக உள்ளது. 1825-இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் பிராக்கோனோ இதற்குப் பெயரிட்டார்.

நறுக்கிய தோலைச் சில நிமிடங்கள் கொதிநீரில் இட்டு எடுத்தால், பெக்டினைச் சிதைக்கும் நொதிகள் செயலிழக்கும். பின்னர்ச் சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் 85° செ. வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைத்து வடிகட்ட வேண்டும். ஆறிய வடிநீரில் இருமடங்கு எத்தில் ஆல்கஹால் சேர்த்தால் பெக்டின் களி போலத் திரளும். அதைப் பிழிந்து 50° செ. அளவில் உலர்த்த வேண்டும். சூடு மிகுந்தால் பழுப்பேறும், இறுக்கும் திறனும் குன்றும்.

ஆய்வுக்கூடத்தில் அது திரளக் கண்ட அன்றே தந்தையாரிடம் சொன்னேன். எழுத்தறியாத அவர் இப்போது தோலைக் கொட்டுவதில்லை. எனக்காக வெயிலில் காயவைக்கிறார்.