ஒளியின் கணக்கு

பழைய டார்ச் விளக்குகள் கட்டைக் கணக்கில் விற்கப்பட்டன. இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று உள்ளே இடப்படும் மின்கலங்களின் எண்ணிக்கையே விளக்கின் ஆற்றலைச் சொல்லியது. அவ்வளவுகோல் அறிவியல் முறைப்படி அமைந்ததன்று. ஆயினும் வாங்குபவர் மூடியைத் திருகித் திறந்து தாமே எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருந்தது. இன்று அந்த இடத்தை லூமென் என்னும் அலகு பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் அடங்கும் விளக்கு ஒன்றின் அட்டைப்பெட்டியில் ‘1,00,000 லூமென்’ என்று அச்சிட்டிருப்பதைக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் காணலாம். அவ்வெண்ணைத் திறந்து பார்க்க மூடி ஏதும் இல்லை.

மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில், மோட்டாரை இயக்குவதற்காக வரப்பின்மீது நடந்து செல்லும் உழவருக்கு டார்ச் ஓர் ஆடம்பரப் பொருளன்று. கட்டுவிரியன் கிடக்கும் இடத்தில் கால் படாமல் காப்பது அதுவே. பாதி வழியில் மங்கிவிடும் விளக்கை நம்பிப் புறப்படுவதைவிட, மங்கலான விளக்கு என்று அறிந்து கவனமாக நடப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

லூமென் என்பது ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும், மனிதக் கண் உணரத்தக்க ஒளியின் மொத்த அளவு. கேண்டிலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் அவ்வொளி எவ்வளவு செறிந்து செல்கிறது என்பதைக் குறிக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி சீராக விழுந்தால் அங்குள்ள ஒளியூட்டம் ஒரு லக்ஸ். குழாயிலிருந்து வெளிவரும் நீரின் மொத்த அளவும், அதன் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சும்போது நீர் எட்டும் தொலைவும் வேறுவேறு அல்லவா? லூமெனுக்கும் கேண்டிலாவுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய அத்தகையது.

விளம்பர எண்ணைச் சோதிக்கும் கருவி பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கேண்டிலாவின் வரையறையில் வரும் 683 என்னும் எண்ணை மாணவர் பலரும் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து விடுவர். அவ்வெண்ணின் பொருள் இது: கண்ணுக்கு மிகுதியாகப் புலப்படும் பச்சை நிற ஒளியாக ஒரு வாட் திறன் முழுவதும் மாறினாலும், கிடைப்பது 683 லூமென் மட்டுமே. எந்த நிறுவனமும் இவ்வெல்லையைத் தாண்ட முடியாது. வெள்ளொளிக்கு எல்லை இன்னும் குறைவு. இன்றைய நல்ல எல்.இ.டி. விளக்குகள் வாட்டுக்கு 100 முதல் 200 லூமென் வரை தருகின்றன.

இனி, அந்த 1,00,000 லூமென் விளக்கைக் கணக்கிடலாம். இத்தகைய விளக்குகளில் பெரும்பாலும் 18650 எனப்படும் லித்தியம் அயனி மின்கலம் இருக்கும். அப்பெயரிலேயே அதன் அளவு உள்ளது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். அதன் மின்னழுத்தம் 3.6 வோல்ட், கொள்ளளவு 3,000 மில்லி ஆம்பியர்-மணி என்று கொண்டால், அதில் அடங்கும் ஆற்றல் 10.8 வாட்-மணி. வாட்டுக்கு 150 லூமென் வீதம் 1,00,000 லூமென் பெற ஏறத்தாழ 667 வாட் தேவை. அவ்வளவு திறனை அச்சிறு மின்கலத்தால் தரவே இயலாது. தருவதாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். அந்த ஒரு நிமிடமும் இஸ்திரிப்பெட்டிக்குச் செல்லும் அளவு மின்திறன் கைக்குள் பாய்ந்து, அதில் பெரும்பங்கு வெப்பமாகும். பிடித்திருப்பவர் கையை உதறிவிடுவார். இயற்கை அனுமதிக்கும் உச்ச அளவான 683 லூமெனையே எடுத்துக்கொண்டாலும் 146 வாட்டும் 40 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டமும் வேண்டும். ஆகவே அவ்வெண் சற்று மிகைப்படுத்தப்பட்டதன்று, முழுப்பொய். இதே அளவுள்ள மின்கலங்களின்மீது ‘9,900 மில்லி ஆம்பியர்-மணி’ என்று ஒட்டப்படுவதும் அவ்வகையினதே.

பொய்யெண் எளிதில் பிடிபடும். மெய்யெண்ணுக்குள் மறைந்திருக்கும் குறையே நுட்பமானது. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு கைவிளக்குகளுக்கென எஃப்.எல்.1 என்னும் தரநிலை வெளியிடப்பட்டது. இதனைப் பின்பற்றுமாறு யாருக்கும் கட்டாயமில்லை. பின்பற்றும் நிறுவனங்கள் ஒரே முறையில் அளந்து அறிவிக்கின்றன. உட்புறம் வெண்பூச்சுப் பூசிய பெரிய கோளத்தினுள் ஒளியைச் செலுத்தி, அது எங்கும் சிதறிச் சீரான பின்பு மொத்த ஒளி அளக்கப்படும். எல்.இ.டி. சில்லின் ஏட்டளவை எழுதிவிடும் வழக்கத்தைவிட இது மிகவும் நேர்மையானது. கண்ணாடியிலும் எதிரொளிப்பானிலும் இழக்கப்படும் ஒளி இக்கணக்கில் சேராது.

எனினும், விளக்கை எரியவிட்ட 30 நொடி முதல் 2 நிமிடத்திற்குள்ளாகவே இவ்வளவீடு எடுக்கப்படுகிறது. சிறிய விளக்குகள் பல, சூடேறியவுடன் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே ஒளியைக் குறைத்துவிடும். எரியும் நேரமோ, ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கிடப்படுகிறது. ‘2,000 லூமென், 3 மணி நேரம்’ என்று அட்டையில் அடுத்தடுத்து இருந்தால், மூன்று மணி நேரமும் 2,000 லூமென் கிடைக்கும் என்று படிப்பவர் நினைப்பது இயல்பு. இரண்டும் தனித்தனியே உண்மை. சேர்த்துப் படித்தால் உண்மையன்று.

ஒளி எட்டும் தொலைவும் அப்படியே. ஒளியூட்டம் 0.25 லக்ஸ் ஆகும் இடமே அத்தரநிலையின்படி இறுதி எல்லை. அது தெளிந்த வானில் காயும் முழுநிலவின் ஒளிக்கு நிகரானது. 10,000 கேண்டிலா செறிவுள்ள விளக்கு இக்கணக்குப்படி 200 மீட்டர் எட்டும். அத்தொலைவில் மரம் நிற்பது தெரியலாம். மரத்தடியில் கிடப்பது கயிறா பாம்பா என்பது தெரியாது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான வழிகாட்டும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெயரும் முகவரியும் இல்லாத அட்டைப்பெட்டியை எதிர்த்து முறையிடுவது கடினம் என்பதால், விற்பனைச் சீட்டைக் கேட்டுப் பெறுவது இங்கே மிகவும் இன்றியமையாதது.

கோளம் இல்லாதவரும் ஓரளவு சோதிக்கலாம். இருட்டறையில் வெண்ணிறக் கூரையை நோக்கி டார்ச்சை நிறுத்தி வைத்து, சற்றுத் தள்ளி மேசைமீது கைப்பேசியை வைத்து, ஒளியளவு காட்டும் செயலியில் லக்ஸ் அளவைக் குறிக்க வேண்டும். கைப்பேசியின் உணரி துல்லியமானதன்று. ஆனால் இரண்டு விளக்குகளை ஒப்பிடவும், ஒரே விளக்கின் மாற்றத்தைக் காணவும் அது போதும். லூமென் அளவு நம்பத்தக்க வேறொரு டார்ச்சை அதே இடத்தில் வைத்துப் பார்த்தால், புதியது அதனைப்போல் எத்தனை மடங்கு என்பது புலப்படும். பிறகு எதையும் நகர்த்தாமல் முதல் நிமிடத்திலும், பத்தாம் நிமிடத்திலும், அரை மணியிலும் அளவுகளைக் குறித்து வரைபடம் வரையலாம். வரப்பில் நடப்பவருக்கு வழிகாட்டப்போவது அவ்வரைபடத்தின் கடைசிப் புள்ளியில் உள்ள ஒளி.