இரண்டு தரம் பூட்டிய கதவு

அன்பின் மருமகளுக்கு,

இரவில் கதவைப் பூட்டிய பிறகும் இரண்டு தரம் எழும்பிப் பார்க்கிறேன், யூடியூப்பில் அதை நோய் என்கிறார்கள் என்று பயந்து எழுதியிருந்தாய். அப்படியென்றால் நம் மன்னார்ப் பேசாலையில் கடலுக்குப் போகும் ஒருவரும் தப்பமாட்டார். எஞ்சினையும் எண்ணெய்க் கானையும் திரும்பத் திரும்பப் பார்த்து, சிலுவை அடையாளம் போட்டுத்தானே வள்ளத்தைத் தள்ளுகிறார்கள்? பார்த்ததும் மனம் ஆறுகிறது, தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். பார்த்தும் ஆறாமல், நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதிலேயே போனால், நித்திரையும் படிப்பும் கெட்டால், வைத்தியர்கள் அதை ஓசிடி என்பார்கள். நீ அங்கே இல்லை, பிள்ளை.

பழக்கம் எப்போது நோயாகிறது என்பதற்கு இன்னொன்றும் பார். போர்க்காலத்தில், 2006 ஜூன் 17 அன்று, நம் பேசாலை வெற்றி நாயகி ஆலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின்மேல் கைக்குண்டு வீசினார்கள். அந்த நாட்களில் சத்தம் கேட்டதும் நிலத்தில் படுத்தது உயிர் காத்த பழக்கம். இன்றைக்கும் திருவிழா வெடிக்கு ஒருவர் நடுங்கி, கோயில் பக்கமே போகாமல், கனவிலும் அதையே கண்டு அலறினால் அவருக்கு வைத்தியம் வேண்டும். பழக்கம் அதேதான், ஆபத்துப் போய்விட்டதென்று உடம்புக்குத்தான் தெரியவில்லை. போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, சமூகத்தையே பிடிக்கிறது என்று யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் பல காலமாக எழுதிவருகிறார்.

துக்கம்தான் எனக்குச் சிக்கலாகத் தெரிகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் நீடித்த துக்கத்தையும் நோயாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் ஆறு மாதம் தாண்டினால் மட்டும் போதாது, அவரவர் சமயமும் வழக்கமும் ஏற்கும் அளவையும் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நல்ல காரியம், நம் முப்பத்தோராம் நாளுக்கும் ஆண்டுப் பூசைக்கும் அதில் இடமிருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய்க்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? உடலும் இல்லை, பூசையும் வைக்கவில்லை. மகனின் சேட்டை அவள் இன்னும் தோய்த்து மடித்து வைத்தால் அதை நான் நோயென்று சொல்லமாட்டேன். சாப்பாட்டை விட்டு, இருக்கிற மற்றப் பிள்ளையின் முகமும் பாராமல் மூலையில் கிடந்தால், மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அங்கொடை என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். உதவி கேட்க 1926 என்ற இலக்கமும் இருக்கிறது. அங்கொடை தேசிய மனநல நிறுவனம்தான் அதை நடத்துகிறது. எழுதி வைத்துக்கொள், உன் சிநேகிதிகளில் யாருக்காவது தேவைப்படலாம்.

அன்புடன்,
மாமி